கன்னத்தில் அடக்காத கடலை

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் கல்யாணப் பத்திரிகையும் பஸ் போர்டும் படித்ததுதான் என் படிப்பு. என் எழுத்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். மறதியும் வந்துவிட்டது. காலையில் அடுப்பில் வைத்த வெந்நீர் மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது. வாயால் சொல்லலாம் என்றால் அதுவும் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேனே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதனால்தான் மகள் விட்டுப்போன பழைய டைரியில் எழுதுகிறேன்.

எங்கள் காடு மலையாள எல்லைக்குள், வடகரப்பதிக்கு அந்தப் பக்கம், மலைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. காடு என்று நாங்கள் சொல்வது வெள்ளாமை வைக்கிற மேட்டு நிலத்தை. மரம் அடர்ந்து கிடப்பதை மலை என்றுதான் சொல்வோம். குரங்கு மலையிலிருந்து இறங்கிக் காட்டுக்கு வரும். காற்று திரும்பி அடித்தால் வாளையார் ரோட்டில் லாரிகள் இரைகிற சத்தம் வீட்டு வாசல் வரை கேட்கும். அந்த ரோட்டோரத்துக் குரங்குகள் வேறு ஜாதி. லாரிக்காரர்கள் பன்னும் வாழைப்பழமும் எறிந்து எறிந்து, மனிதனைக் கண்டால் அதுகளுக்குப் பசிதான் வரும், பயம் வராது. எங்களிடம் வந்தது மலைக் கூட்டம். அதுகள் எதையும் ரோசனை பண்ணாமல் செய்யாது.

வைகாசி மழைக்குக் கடலை விதைப்போம். ஆவணியில் பிடுங்குவோம். ஆடியில் காய் பிடித்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே குரங்குக்குத் தெரிந்துவிடும். வடக்கு வேலியில் ஒரு புளியமரம். அதில் வந்து உட்காரும். உடனே இறங்காது. யார் எங்கே நிற்கிறார்கள், நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்திருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் நாயின் சங்கிலி எத்தனை தூரம் வரும் என்பது அதுகளுக்கு அளந்து வைத்தமாதிரி தெரியும். அதற்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து கடலை பிடுங்கும். நாய் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் பேசுகிறவள் இல்லை என்பதால் பார்க்கிறது அதிகம். அப்படிப் பார்த்ததில் சிலது எனக்குப் புரிந்தது. பயம் அதிகமாக இருந்தால் புளியமரத்துக்குப் பக்கத்து உழவுச் சால்களில்தான் கை வைக்கும். நடுக்காட்டுக்கு வராது. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மரத்துக்கு ஓடிவிடும். இரண்டு கன்னமும் அம்மைக்கட்டு வந்த பிள்ளைக்கு வீங்கினமாதிரி இருக்கும். மரத்தில் ஏறின பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தின்னும். பயம் இல்லை என்றால் கன்னத்தில் அடக்காது. இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டமாதிரி உட்கார்ந்து, தோலை உரித்து, பருப்பை ஊதித் தின்னும். ஒரு குரங்கு கடலை தின்கிற விதத்தைப் பார்த்தால் அது யாருக்கு எவ்வளவு பயப்படுகிறது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் காட்டில் அது உட்கார்ந்து உரித்து நான் பார்த்ததே இல்லை. காரணம் எங்க ஊட்டுக்காரர்.

இவர் தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு கட்டியிருப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டேதான் வருவார். அந்தச் செருமல் கேட்டாலே புளியமரம் ஆடும். இடுப்பில் கல் வைத்து அடிக்கிற உண்டிவில் ஒன்று செருகியிருப்பார். ஆனால் அதை எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. குனிவார், அவ்வளவுதான். கல்லே எடுக்கவேண்டாம், குனிந்தாலே போதும், கூட்டம் முழுக்க மலையைப் பார்த்து ஓடும்.

நான் குனிந்தால் ஓடாது. அது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரிதான் ஒரு நாள் களை வெட்டிக்கொண்டே சொன்னாள். என்னை விடச் சின்னவள், என்னை அக்கா என்பாள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனக்கா, நாம காலைல குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிர்றோம். அதுக்குத் தெரியாதா? ஆம்பளைக குனியறது கல்லெடுக்கத்தான். களையெடுக்க எவன் குனியறான்?"

இவர் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தாம்மா, கொரங்குக்கு இருக்கற மரியாதை கூட உனக்கு இல்லையே" என்றார். அவள், "கொரங்குக்குத் தெரிஞ்சது எனக்குந் தெரியுதுங்களே மாமா, அதுவே பெருசுங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அந்த வருசம் விதைத்து முடித்து, முதல் களை எடுக்கிற சமயம், இவர் வரப்பிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் கையும் காலும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கால் பேச்சு திரும்புவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார்கள். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. புளியமரம் ஆடியது. செருமல் சத்தம் கேட்காததை அதுகள் எத்தனை நாளாகக் கவனித்திருந்ததோ, முதல் நாளே நாலு சால் காலி.

இவர் சட்டையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போடுவோம், அது புதிதில்லை. தலையில் அந்தச் சிவப்புத் துண்டையும் கட்டிக்கொண்டேன். அதுதான் புதிது. வெட்கமாக இருந்தது. ஆள் யாரும் பார்க்காத பக்கமாகவே நடந்தேன். இரண்டு நாள் குரங்கு மரத்தை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. துண்டை நம்பாமல் நடையைப் பார்த்துவிட்டது போல. இவர் எட்டி எட்டி நடப்பார். நான் அடி மேல் அடி வைப்பேன்.

மாதம் ஒரு தரம் பஞ்சாயத்திலிருந்து, படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் வரும். மலையாளப் பெண். வீல்சேரும் அவர்கள் கொண்டுவந்து கொடுத்ததுதான். அந்தப் பெண் இவர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"அம்மே, அச்சனை எப்பழும் உள்ளில் கெடத்தண்டா. கொறச்சு காற்று கொள்ளட்டே."

எப்போதும் உள்ளேயே படுக்க வைக்காதீர்கள், கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று. நல்லதுக்குத்தான் சொன்னது. மறுநாள் காலை பக்கத்துக் காட்டுக்காரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து இவரை வீல்சேரில் உட்கார வைத்தோம். வண்டித்தடத்தில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டு ஓரம் வேப்பமரத்தடியில் விட்டேன். வெயிலுக்கு அந்தத் துண்டைத் தலையில் கட்டினேன். வேறு எந்த நினைப்பும் அன்றைக்கு எனக்கு இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது.

அன்றைக்குக் குரங்கு காட்டுக்குள் வரவில்லை. வந்தது, புளியமரத்தில் உட்கார்ந்தது, இறங்கவில்லை. பொழுது உச்சிக்கு வருகிறவரை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில். இவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"ஏனுங்க, பாத்தீங்களா? உங்களப் பாத்தா இன்னும் பயந்துக்குதுங்க."

இவர் என்னைப் பார்த்தார். கண் மட்டும்தான் அப்போது பேசும். என்ன பேசியது என்று நான் கேட்கவில்லை. சந்தோசம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு பிசைந்து ஊட்டும்போது என் மனசில் ஒன்று உட்கார்ந்துவிட்டது. டாக்டருக்குத் தெரியாதது குரங்குக்குத் தெரியும். முடிந்துபோன ஆள் என்றால் அது எதற்குப் பயப்பட வேண்டும்? குரங்கு இவருக்குப் பயந்துகொண்டே இருந்தால் இவர் எழுந்துவிடுவார். இப்படித்தான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினேன்.

தினமும் கொண்டுபோய் உட்கார வைத்தேன். காலைக் கஞ்சி குடித்ததும் வெளியே, வெயில் ஏறினால் மரம் மாற்றி நிழலில், சாயங்காலம்தான் வீட்டுக்கு. மடியில் உண்டிவில்லையும் வைத்தேன். கடலை தப்பித்துக்கொண்டு வந்தது. நான் நிம்மதியாக மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், துணி துவைத்தேன்.

அதுகளும் தினமும் வந்தன. வாலில் பாதி இல்லாத ஒரு கிழட்டுப் பெண் குரங்கு அந்தக் கூட்டத்தில் உண்டு. வயிற்றில் ஒரு குட்டி ஒட்டியிருக்கும். மற்றதெல்லாம் மரத்தில் இருக்க, இது மட்டும் வேலி வரைக்கும் வரும். உட்காரும். பார்க்கும். திரும்பிப் போகும். மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நாலு அடி. இவர் அசைகிறாரா என்று பார்க்கும். எதற்கோ பயந்தமாதிரி சும்மாவே குதித்து ஓடும், ஓடிப்போய்த் திரும்பிப் பார்க்கும். அது பயந்து ஓடவில்லை, ஓடினால் இவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தெரியாதமாதிரி இருந்தேன். அந்த வருசம் மலையிலும் ஒன்றும் பழுக்கவில்லை என்றார்கள். பசி ஏற ஏற அதுகள் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தது.

பக்கத்துக் காட்டுக்காரி ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"என்னக்கா, மறுபடியும் இறங்குதாட்ட இருக்குது?"

"ஆமா சாமி. ரெண்டு சால் போச்சு."

"ஒரே எடத்துல வெச்சா அப்படித்தானுங்க்கா. எம்பட சோளக்காட்டுல பொம்மைய நான் தெனமும் எடம் மாத்தி வெக்கறேன். நட்ட பொம்மைய நட்டபடி உட்டா அது தலைமேலயே ஏறி உக்காந்துக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க்கா" என்றாள். "தெரியும் சாமி, வெசனப்படாத" என்றேன்.

ஆனால் மறுநாள் என்ன செய்தேன்? இடம் மாற்றினேன். காலையில் வேப்பமரம், மத்தியானம் கிணற்றுத் தடம், சாயங்காலம் வடக்கு வேலிக்குப் பக்கம். தூரத்திலிருந்து பார்க்கிற குரங்குக்கு இவர் நடந்து நடந்து இடம் மாறுகிறமாதிரி தெரியட்டும் என்று. குழியில் சக்கரம் விழுந்து எழும்போது இவர் தலை ஒரு பக்கமாக ஆடும். அதையும் பார்த்தேன். நான்கு நாளோ ஐந்து நாளோ அது பலித்தது.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்குச் சின்ன மகள் வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஆனைகட்டிக்குக் கட்டிக் கொடுத்தவள். கோயமுத்தூர் சுற்றி இரண்டு பஸ் மாறி, கையில் பையோடு தடத்தில் நடந்து வந்தாள். வடக்கு வேலி ஓரம் தனியாக உட்கார்ந்திருந்த அப்பனைப் பார்த்துப் பை கீழே விழ நின்றுவிட்டாள். எச்சில் ஒழுகி முன்பக்கம் சட்டை நனைந்திருந்தது. ஈ மொய்த்தது. நான் அப்போதுதான் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வருகிறேன்.

"எத்தன நேரமா இங்க இருக்கறாரு?"

"காத்து வாங்கறாரும்முணி. நர்ஸம்மா சொல்லுச்சு."

"காத்து வாங்கறவருக்கு மடியில உண்டிவில்லு எதுக்கும்மா?"

அவள் புளியமரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பாவப் பொம்மையாட்ட நட்டு வெச்சிருக்கறயா?"

"அவருக்கும் பிடிச்சிருக்குது கண்ணு. அவரு காடு. அவரு பாக்கறாரு."

"அவரு சொன்னாரா? பிடிச்சிருக்குதுன்னு உங்கிட்ட சொன்னாரா?"

இவரால் சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும். எங்களுக்கு நடுவில்தான் இவர் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்கும். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரம் மறந்துபோனோம்.

"இந்தக் கல்லக்கா போனாத்தான் என்ன? நீங்க ரெண்டு பேரும் எத்தன திங்கப் போறீங்க?" என்றாள். கடலைக்காக இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். குரங்கு பயந்துகொண்டே இருந்தால் இவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுதுகொண்டே கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முடிவு செய்தேன். அதற்கு முன்னால் வாயைத் துடைத்துக் கொஞ்சம் நீராகாரம் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்தேன். டம்ளரும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு திரும்பியதற்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு பால் பொங்குகிற நேரம்.

வீட்டுப் பக்கமிருந்து வருகிறபோது இவர் முதுகுதான் எனக்குத் தெரியும். முதுகும் சிவப்புத் துண்டும். அதற்கு முன்னால், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், அந்தப் பாதி வால் குரங்கு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பிடுங்கிய கடலைச்செடி. ஒரு காயை எடுத்தது, உரித்தது, ஊதியது, தின்றது. தோலைக் கீழே போட்டது. இன்னொரு காயை எடுத்தது. கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்க் கிடந்தது. ஒன்றைக் கூட அடக்கி வைக்கவில்லை. குட்டி வயிற்றை விட்டு இறங்கி, வீல்சேரில் இவர் கால் வைத்திருந்த தட்டைப் பிடித்து விளையாடியது. பெற்றது குட்டியை இழுக்கவே இல்லை.

குட்டியை ஒருத்தர் காலடியில் விளையாட விடுகிறது என்றால் அது எல்லாக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது இவருடைய இடது கை எழுந்தது. மெதுவாக, தோள் உயரத்துக்கு. மடியிலிருந்த உண்டிவில் சரிந்து கீழே விழுந்தது. அது விழுந்ததைக் குரங்கு பார்த்தது. கையைப் பார்த்தது. திரும்பவும் காயை உரித்தது. கை அப்படியே கொஞ்ச நேரம் நின்று கீழே இறங்கியது.

நான் குனிந்தேன். என் கைக்குக் கல் கூடக் கிடைத்தது. ஆனால் நான் எறிந்தால் இவர் மேல் படும். எறியாவிட்டால் நான் களையெடுக்கக் குனிந்தவள். குரங்கு என்னைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்று மேட்டிலிருந்து மகள் கத்திக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் எழுந்தது. அப்போதும் ஓடவில்லை. குட்டியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டு, சால் வழியாக நடந்து புளியமரத்துக்குப் போனது. அதற்குள் நான் டம்ளர் நீராகாரத்தை மண்ணில் கொட்டியிருந்தேன்.

முன்னால் போய்ப் பார்த்தபோது இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விழுந்ததிலிருந்து வலது கண்ணில் எப்போதுமே நீர் வடியும். அன்றைக்கு இரண்டிலும் வந்ததா என்று நான் பார்க்கவில்லை. துணியால் சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

அன்றைக்கு உள்ளே கொண்டுபோனதுதான். பிறகு இவரை நான் காட்டுப் பக்கம் கொண்டுபோகவில்லை. வாசலில் காற்றுப் படும்படி வைத்தேன், அதுவும் புளியமரத்துக்கு முதுகு காட்டி. கூட்டம் முழுக்க நடுக்காட்டுக்கு வந்து உட்கார்ந்து உரித்தது. ஆவணிக்குக் காத்திருக்காமல் மிச்சத்தைப் பச்சையாகப் பிடுங்கி எடுத்தோம். பாதி சொத்தை, பாதி பிஞ்சு. மகள் கூடவே இருந்து பிடுங்கினாள். அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று டாக்டர் சொன்னதன் இரண்டாம் பாதி அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. தை பிறக்கிறதுக்கு முன்னால் இவர் போய்விட்டார்.

இப்போது காடு சும்மா கிடக்கிறது. குரங்கு வருகிறது. ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போகிறது. பாதி வால் குரங்கைப் போன வருசம் கடைசியாகப் பார்த்தேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குக் குட்டி இருந்தது, மலையில் பழம் இல்லை, அது சரியாகத்தான் பார்த்தது. எனக்குத்தான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கத் தெரியவில்லை.

சின்ன மகள் இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். படித்தால் அவள் சரிபார்க்க வேண்டும். மாதம், நாள் எல்லாம் நான் முன்பின்னாக எழுதியிருப்பேன். குட்டி ஒன்றா இரண்டா என்பது கூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதெல்லாம் தப்பாக இருந்தாலும் போகட்டும். ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லட்டும். கிணற்று மேட்டில் உட்கார்ந்தால் இவர் முகம் நேராகத் தெரியும். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அந்தக் கை எழுந்தது குரங்கை விரட்டவா, அல்லது தன்னை உள்ளே கொண்டுபோகச் சொல்லி என்னைக் கூப்பிடவா? அவளுக்கு நினைவிருந்தால், நான் எழுதினதற்குக் கீழே அவள் கையால் எழுதி வைக்கட்டும். அதற்காக அரைப் பக்கம் விட்டிருக்கிறேன்.